வெசெல் வளர்த்த கல்யாணத் தோட்டம்

குதிரைச் சாணத்தைக் கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் வேறு மாதிரிப் பேசுகிறார்கள். வெசெலுக்குத் தோட்டம் வளர்க்கத் துப்பில்லை, அதனால்தான் மகள் கல்யாணத்தில் அப்படி ஆகிவிட்டது என்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் என் காதுபட யாராவது அப்படிச் சொன்னால் நான் விடுவதில்லை. போன வாரம்கூட ரொட்டிக் கடையில் ஒருத்தியைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டேன்.

என் பெயர் அலைடா. எங்கள் வீட்டுக் குதிரை லாயத்துக்கும் வெசெல் வீட்டுச் சமையலறை வாசலுக்கும் நடுவே ஒரு வேலிதான் இருக்கிறது. எங்கள் ட்வெண்டே வட்டாரத்தில் முதல் அண்டை வீடு என்றால் சும்மா இல்லை. அந்த வீட்டில் பிள்ளை பிறந்தால் முதலில் ஓட வேண்டியது நாம். சாவு விழுந்தால் மற்ற வீடுகளுக்குப் போய்ச் சொல்ல வேண்டியதும் நாம். கல்யாணம் என்றால் எல்லா அண்டை வீடுகளையும் கூட்டி, காட்டில் ஊசியிலைக் கிளை வெட்டி வந்து, வாசலில் பச்சை வளைவு கட்டி, காகித ரோஜா செருகிக் கொடுக்க வேண்டும். யாரும் நம்மை வந்து கேட்க மாட்டார்கள். கேட்கவும் கூடாது. பேச்சுவார்த்தை இல்லாத அண்டை வீடாக இருந்தாலும் செய்தே ஆக வேண்டும்.

வெசெல் முப்பத்துநாலு வருஷம் பால் லாரி ஓட்டியவன். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றிக்கொண்டு பால் தொழிற்சாலையில் சேர்ப்பான். ஒரே ஒரு நாள்தான் தாமதமாகப் போயிருக்கிறான், அதுவும் இடுப்பளவு பனி கொட்டிய வருஷம். மகள் மிர்த்தே பிறந்த காலையில்கூட லாரியில்தான் இருந்தான். நெட்டையான ஆள், அதிகம் பேச மாட்டான். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில் இருக்கும். எதையும் பட்டியல் போடாமல் செய்யத் தெரியாது. தோட்டம் மட்டும் அவனுக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. களைக்கும் செடிக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு தடவை மனைவியின் கீரைப் பாத்தியையே வழித்துவிட்டான்.

தோட்டம் ஃபென்னாவுடையது. வெசெலின் மனைவி. என் வயதுதான் அவளுக்கும், அறுபத்துமூன்று. கல்யாணமாகி வந்தபோது வெறும் உருளைக்கிழங்கு நிலமாக இருந்த இடத்தை முப்பது வருஷத்தில் என்னவாக ஆக்கியிருந்தாள் தெரியுமா? ரோஜா ஒரு பக்கம், டேலியா ஒரு பக்கம், நடுவில் நீளமாக வலை கட்டி அதில் பூப்பட்டாணிக் கொடி. ஜூன் மாதம் அந்தப் பட்டாணிப் பூ வாசம் வேலி தாண்டி என் குதிரை லாயத்துக்குள் வரும். சாண வாடையை அது ஜெயித்துவிடும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது?

அவள் உரம் என்றால் இலை மக்கு மட்டும்தான் போடுவாள். "வெளிச் சாணம் என் மண்ணுல விழக் கூடாது. யார் வீட்டு மாடு என்ன தின்னுச்சோ, யாருக்குத் தெரியும்" என்பாள். என் குதிரையை இப்படிச் சொல்கிறாளே என்று எனக்குக் கோபம் வரும்.

பிறகு அவள் கண் போக ஆரம்பித்தது. கண்ணில் அழுத்தம் என்றார்கள், சொட்டு மருந்து, ஆப்பரேஷன் எல்லாம் செய்தார்கள். நாலே வருஷத்தில் முழுக்க இருட்டு. போன வருஷம் ஜனவரியில் பனிப் படியில் வழுக்கி முழங்காலும் போனது. அதோடு தோட்டத்துக்குள் இறங்குவது நின்று, சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தாள்.

மிர்த்தே ஹெங்கெலோ நகரத்தில் வேலை பார்க்கிறாள். கெட்டிக்காரப் பெண், கொஞ்சம் அவசரக்காரி. அவள் வந்து உடைத்துப் பேசிவிட்டாள். நான் அப்போது அங்கேதான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மாவுக்குக் கண்ணு தெரியல. அப்பாவுக்குச் செடி தெரியல. இவ்வளவு பெரிய வீட்டை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? எங்க வீட்டுப் பக்கத்துல லிஃப்ட் வச்ச அடுக்குமாடி இருக்கு. வித்துட்டு வந்துடுங்க."

வெசெல் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஃபென்னாதான் சொன்னாள்.

"உன் கல்யாணம் ஜூன் கடைசியில தானே? இந்தத் தோட்டத்துலயே வச்சுக்கோ. தோட்டத்த இவர் ஒத்த ஆளா வளத்துக் காட்டட்டும். நான் வாசல்ல இருந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், இறங்கித் தொட்டும் பாக்க மாட்டேன். கல்யாணத்தன்னிக்கு உன் கையப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பட்டாணி வரிசையில நடப்பேன். வாசம் வந்துச்சுன்னா நாங்க இங்கேயே இருக்கோம். வரலன்னா மறு பேச்சு இல்லாம கிளம்பிடுறோம். என்ன வெசெல், சம்மதமா?"

"சம்மதம்" என்றான். முகம் வெளுத்துப் போயிருந்தது.

அந்த மனுஷன் பிறந்ததும் அந்த வீட்டில்தான், அவன் அப்பா செத்ததும் அந்த வீட்டில்தான். லாரியை நிறுத்திவிட்டு வந்து நிற்க அவனுக்கு வேறு இடமே கிடையாது. அடுக்குமாடியில் நாலாவது மாடியில் அவனை வைத்தால் ஒரு வருஷத்தில் முடிந்துபோவான் என்று நான் பெரெண்டிடம் சொன்னேன். பெரெண்ட் என் கணவர். "எல்லாம் பழகிடும்" என்றார். அவருக்கு எதுவும் பழகிவிடும், என்னையே பழகிக்கொண்டவர்.

வெசெல் பட்டியல் போட்டான். பிப்ரவரியில் ஜன்னலோரம் காகிதக் குழாய்களில் அறுபது பட்டாணி விதை ஊன்றினான். மார்ச் மாதம் வேலியோரம் வந்து நின்றான்.

"அலைடா, உன் சாணக் குவியல்ல பத்து வண்டி எடுத்துக்கட்டுமா? ஃபென்னாவுக்குத் தெரிய வேணாம். பூவெல்லாம் அவ காலத்துல இருந்தத விடப் பெருசா வரணும்."

எனக்கு வாயெல்லாம் பல். முப்பது வருஷம் கழித்து என் குதிரைச் சாணத்துக்கு மரியாதை வருகிறதே!

"பத்து என்ன, இருவதா எடுத்துக்கோ" என்றேன்.

இருபதாகத்தான் எடுத்தான். எல்லாப் பாத்திக்கும் போட்டான். மேலாக ஒரு கை மண்ணையும் தூவி மூடினான், வாடை வாசலுக்குப் போகக் கூடாது என்று.

ஏப்ரலில் நாற்று மண்ணுக்கு இறங்கியது. மே மாதம் முதல் வாரம் வேலியோரம் மறுபடி நின்றான். இந்தத் தடவை கூப்பிட்ட குரலே சரியில்லை.

"இங்க வந்து பாரேன். எல்லாம் சுருண்டுக்கிட்டு வருது. தண்ணி அதிகமாயிடுச்சா?"

போய்ப் பார்த்தேன். பட்டாணியின் நுனியெல்லாம் கை மூடிய மாதிரி உள்ளுக்குச் சுருண்டிருந்தது. ரோஜாத் துளிரும் கோணல் மாணலாக இருந்தது. டேலியா தலைகாட்டிய இடத்திலேயே முறுக்கிக்கொண்டு நின்றது. நடைபாதையோரத்துப் புல் மட்டும் கொழுகொழு என்று பச்சையாக இருந்தது. புல்லை விட்டுவிட்டு மற்றதை மட்டும் கருக்குகிற களைமருந்து ஒன்று உண்டே என்று சட்டென்று தோன்றியது. வீட்டுக்கு ஓடினேன்.

"பெரெண்ட், போன வருஷம் குதிரைக்குப் புல்லு வெட்டுற நிலத்துல களைக்கு மருந்து அடிச்சியே, டப்பாவுல என்ன எழுதியிருந்துச்சு?"

"அந்தப் புல்லத் தின்ன குதிரையோட சாணத்தத் தோட்டத்துக்குப் போடக் கூடாதுன்னு எழுதியிருந்துச்சு. அப்பவே உங்கிட்ட சொன்னேனே."

"எப்பய்யா சொன்ன?"

"நீ டிவி பாத்துக்கிட்டு இருந்த. உம்னு சொன்ன."

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை நான். ஊருக்கெல்லாம் நியாயம் சொல்கிற அலைடா, வேலிப் பக்கம் போகாமல் லாயத்தின் பின்வாசல் வழியாக வந்துபோனேன். வெசெல் அந்த மூன்று நாளும் செடிக்கு வாளி வாளியாகத் தண்ணீர் விடுவதும், பிறகு தண்ணீர்தான் காரணம் என்று நிறுத்துவதும், புத்தகத்தைப் பார்த்துப் பூண்டுச் சாறு தெளிப்பதுமாகத் தவித்துக்கொண்டிருந்தான். நாலாம் நாள் தாங்க முடியவில்லை, போய்ச் சொல்லிவிட்டேன்.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி மனசை ஆற்றியிருப்பேன். அவன் மெதுவாகக் கேட்டான்.

"எத்தன நாளாத் தெரியும்?"

"மூணு நாளா."

"மூணு நாளா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு வேடிக்கை பாத்தியா?" பூண்டுச் சாறு வாளியைக் கீழே வைத்தான். "கண்ணு முன்னால நிக்காத, அலைடா. போயிடு."

போய்விட்டேன். வீட்டுக்குப் போய் அழுதேன், வேறென்ன செய்வது?

பெரெண்ட் மருந்துக் கடையில் விசாரித்து வந்தார். மண்ணில் அந்த விஷம் இறங்க ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகுமாம். கல்யாணத்துக்கு ஏழு வாரம்கூட இல்லை. ஒரு வாரம் கழித்து வெசெலே வந்து கதவைத் தட்டினான். என் முகத்தைப் பார்க்காமல், "உன் தள்ளுவண்டி வேணும்" என்றான்.

மண்ணையே மாற்றப் போகிறானாம். பட்டாணி வரிசை முழுக்க ஒரு முழ ஆழத்துக்குத் தோண்டி, எடுத்த மண்ணை வண்டியில் தள்ளிக்கொண்டு போய் என் லாயத்தின் பின்னால் கொட்டினான். காட்டோரத்திலிருந்து புது மண் கொண்டுவந்து நிரப்பினான். நாற்பது வண்டி. பெரெண்ட் கூடப் போய் நின்றார், வேண்டாம் என்றுவிட்டான். ஒத்த ஆளாகச் செய்யச் சம்மதம் என்று கொடுத்த வார்த்தை. ஃபென்னா வாசலில் உட்கார்ந்து கேட்டாள்.

"என்ன வெசெல், இவ்வளவு தோண்டுற சத்தம்?"

"பந்தலுக்குக் கம்பம் நடறேன்."

"நாலு நாளாவா? சர்க்கஸ் கூடாரமா போடுற?"

நாற்றுக் கடையில் புதுக் கொடி வாங்கி நட்டான். பத்து நாளில் அதுவும் சுருண்டது. பக்கத்துப் பாத்தியிலிருந்து ஊறி வந்ததோ, வேர் கீழே போனதோ, யாருக்குத் தெரியும். அன்றைக்கு அவன் மண்வெட்டியைப் பிடித்தபடியே பாத்தியில் முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான். கையெல்லாம் கொப்புளம். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். "இன்னும் நான் என்ன பண்ணணும்னு சொல்லு" என்றான். என்னிடம்தான் கேட்டான்.

உண்மையைச் சொல்லிவிடு என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? இல்லை. சொன்னால் என் சாணம் என்பதும் வெளியே வரும், அந்தப் பயம் எனக்கு.

ஜூன் பிறந்ததும் இன்னொரு தலைவலி வந்தது. பூப்பட்டாணிக்கு ஒரு குணம் உண்டு. தினமும் பூவைப் பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். பறிக்காமல் விட்டால் காய் பிடித்துவிடும், காய் பிடித்தால் செடி பூப்பதை நிறுத்திவிடும். தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். எந்தப் பேச்சிலும் தலையிட மாட்டேன் என்று சொன்ன ஃபென்னா இதை மட்டும் கேட்டாள்.

"பூக்க ஆரம்பிச்சிருக்குமே? பறிக்கிறியா? பறிச்சா எனக்கு ஒரு கொத்து கொண்டா."

மறுநாள் அவன் கொண்டுபோய்க் கொடுத்தான்! நான் வாயைப் பிளந்தேன். பிறகுதான் தெரிந்தது. இருபத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பூப்பண்ணை இருக்கிறது. கடைக்காரர்களுக்காக விடியற்காலையிலேயே திறப்பார்கள். வெசெல் நாலரைக்கு எழுந்து, சத்தமில்லாமல் காரைச் சாலைவரை தள்ளிக்கொண்டு போய், அங்கே கிளப்பி, ஒரு கொத்து வாங்கி, ரப்பர் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, அவள் எழுவதற்குள் வந்துவிடுவான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனாலும் தினமும் மறைத்தான். அவள் மூக்கருகே கொத்தைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு வலை முழுக்க எத்தனை நிறம் என்று விதைப் பட்டியலைப் பார்த்து வாசிப்பான்.

"காம்பெல்லாம் ஒரே நேரா இருக்கே" என்றாள் ஒரு நாள். "என் காலத்துல வளைஞ்சுதான் வரும்."

"கயிறு கட்டி ஏத்தியிருக்கேன்."

"ஓஹோ. பெரிய ஆளாயிட்ட."

அவள் அப்படிச் சொன்னபோது அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள். தன் பொய்க்குக் கிடைத்த பாராட்டையே பாராட்டு என்று எடுத்துக்கொண்டான், பாவம்.

பெந்தெகொஸ்துப் பண்டிகைக்கு மறுநாள் திங்கட்கிழமை பூப்பண்ணைக்கு விடுமுறை. அது அவன் பட்டியலில் இல்லை. வெறுங்கையோடு வந்தான்.

"ராத்திரி மழை. எல்லாம் நனைஞ்சு கெட்டுப்போச்சு" என்றான் ஃபென்னாவிடம்.

"மழையா? ஷெட்டுத் தகரத்துல ஒரு சொட்டு விழுந்தாக்கூட எனக்குக் கேக்குமே."

"சாரல்தான்."

"சரி" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் அவ்வளவு சீக்கிரம் விடுகிற ஆள் இல்லை என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

கல்யாணம் சனிக்கிழமை. வியாழன் சாயங்காலம் பச்சை கட்ட அண்டை வீட்டார் எல்லாரும் வருவார்கள். அந்த வீட்டில்தான் கட்டியாக வேண்டும், வேறு இடத்தில் கட்டித் தூக்கிவரும் வழக்கம் இல்லை. பதினாலு பேர் அந்தப் பாழாய்ப்போன தோட்டத்தைப் பார்த்து, 'அடக் கடவுளே, என்ன ஆச்சு இங்க?' என்று ஒருத்தர் கத்தினால் போதும். முதல் நாளே வீடு வீடாகப் போனேன். "யாராவது வாயத் திறந்தீங்க, நான் பொல்லாதவளாயிடுவேன். பூ நல்லா இருக்குன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அவன் பூப்பண்ணையில் இன்னும் நூறு கொத்துக்குச் சொல்லி வைத்திருந்தான். சனிக்கிழமை காலை எல்லாவற்றையும் வலையில் தண்ணீர்ப் புட்டிகளோடு செருகிவிடுவதாகத் திட்டம். மணமக்களும் அம்மாவும் அந்த வரிசையில் நடக்கும்வரை வாசம் நின்றால் போதும். வீடு தப்பும்.

வியாழக்கிழமை வந்தார்கள். டிராக்டரில் ஊசியிலைக் கிளை வந்து இறங்கியது. பெண்கள் சேர்ந்து மூன்று வாரமாகச் செய்த வெள்ளைக் காகித ரோஜாக்கள் பெட்டி பெட்டியாக வந்தன. ஃபென்னா நாற்காலியை நடுவில் இழுத்துப் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டாள். வெசெல் ஜெனீவர் சாராயப் புட்டியோடு எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டு வந்தான். பாதி கோப்பைக்கு வெளியே சிந்தியது.

நம் ஆட்கள் நடிக்க ஆரம்பித்தார்கள். அட, என்ன நடிப்பு! "ஆகா, என்ன அழகு!" என்கிறாள் ஒருத்தி. "கண்ணு கூசுது" என்கிறாள் இன்னொருத்தி. செத்த கொடியைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்கள். மூன்றாவது வீட்டு லுப்பெர்ட் பன்றி வளர்ப்பவன், பூ என்றால் என்னவென்றே தெரியாது. அவனும் தன் பங்குக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று தொண்டையைச் செருமினான்.

"ஃபென்னா, டூலிப் பூவெல்லாம் பிரமாதம்!"

எனக்கு உயிரே போய்விட்டது. ஏப்ரலில் பூத்து மே மாதத்தில் உதிர்ந்து போகிற பூ டூலிப்.

"ஜூன் கடைசியில டூலிப்பா, லுப்பெர்ட்?" என்றாள் ஃபென்னா. "கண்ணு போனது எனக்குத்தான்னு நெனச்சேன்."

எல்லாரும் தேவைக்கு அதிகமாகச் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அலைடா, காகித ரோஜா மிச்சமாகுமா?"

"ஆகும். ஒரு முந்நூறு."

"அப்ப பட்டாணி வலையிலயும் கட்டிடுங்க. மொட்டை வலை போட்டோவுல அசிங்கமா இருக்கும்."

கத்தரிக்கோல் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. வெசெல் புட்டியோடு அப்படியே நின்றான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நான் சொல்லல, வெசெல். சத்தியமா நான் சொல்லல."

"யாரும் சொல்லல" என்றாள் ஃபென்னா. "மே மாசம் பொறந்ததுலேருந்து இந்த வாசலுக்கு ஒரு வண்டு வரல. முப்பது வருஷமா இந்த மாசத்துல இங்க உக்காந்து பேசணும்னா வண்டுச் சத்தத்துக்கு மேல பேசணும். கண்ணுதான் போச்சு. காதுமா போச்சு? மார்ச்ல இருவது தடவை அலைடா லாயத்துக்கும் நம்ம பாத்திக்கும் தள்ளுவண்டி போய் வந்ததும் கேட்டுச்சு."

ஒவ்வொருத்தராக எழுந்து, டிராக்டரில் ஏதோ வேலை இருப்பது போல அந்தப் பக்கம் போய்விட்டார்கள். என் மடியில் பாதி கட்டிய மாலை கம்பியோடு கிடந்தது. எழுந்திருக்க முடியவில்லை. எழுந்திருக்க மனமும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"தெரிஞ்சுமா தினமும் அந்தப் பூவ வாங்கி மோந்து பாத்த?" என்றான் வெசெல்.

"நீ கொண்டுவந்து குடுத்தியே. வேற என்ன பண்ணச் சொல்ற?"

"ஃபென்னா, இந்த வருஷம் ஒரு வருஷம்தான். மண்ணு சரியாயிடும். அடுத்த வருஷம் நான்..."

"நான் அடுக்குமாடிக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன், வெசெல். போன வாரம் மிர்த்தே காகிதம் கொண்டுவந்தா. உன் கையெழுத்துக்கு இடம் விட்டு வச்சிருக்கு."

அவன் கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்தான். நெட்டை மனுஷன், உட்கார்ந்ததும் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டான்.

"ஒரு தோட்டம் செத்ததுக்கா?" என்றான்.

"தோட்டத்துக்கு இல்ல. தோட்டம் செத்துப்போச்சுன்னு நீ அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா, அலைடாவத் திட்டிட்டு உன்னையும் திட்டிட்டு விட்டிருப்பேன். பந்தயமும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு சொல்லியிருப்பேன்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "நீ தினமும் என்ன விட்டுட்டுப் போயிட்ட. எங்க போறன்னு சொல்லல. முத நாள் நான் முழிச்சுக் கூப்பிட்டேன். பதில் இல்ல. தோட்டத்துல விழுந்து கிடக்கிறியோன்னு சுவத்தப் பிடிச்சுக்கிட்டே இறங்கினேன். வழி தப்பிருச்சு. ஈரத்துல ஒக்காந்துட்டேன். உன் பேரச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போச்சு. கார் சத்தம் கேட்டதும் விழுந்தடிச்சு உள்ள வந்து படுத்துக்கிட்டேன், உனக்குத் தெரிய வேணாம்னு. அன்னிக்கு நைட்டி ஏன் நனைஞ்சிருக்குன்னு கேட்டியே, தண்ணி கொட்டிடுச்சுன்னு சொன்னேனே."

வெசெல் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கும் அந்தக் காலை நினைவிருந்தது. லாயத்தில் இருந்தேன், ஏதோ குரல் கேட்டது. குதிரையைக் கவனித்துக்கொண்டிருந்ததில் போய்ப் பார்க்கவில்லை. இதை இன்றுவரை நான் ஃபென்னாவிடம் சொல்லவில்லை.

"முப்பத்துநாலு வருஷம் விடியக்காலை தனியா எழுந்தவதான் நான்" என்றாள். "அப்பக் கண்ணு இருந்துச்சு. இப்ப நீ இல்லாத வீடு எவ்வளவு பெருசுன்னு உனக்குத் தெரியாது. அடுக்குமாடியில சுவத்துக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கும். கூப்பிட்டா யாராவது வருவாங்க. அதுக்குத்தான் போட்டேன்."

அவன் அழுதான். முப்பது வருஷத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் கேட்டான்.

"சனிக்கிழமைக்கு நூறு கொத்து சொல்லி வச்சிருக்கேன். வேணாம்னு சொல்லிடட்டுமா?"

"ஏன் வேணாம்? மேசைக்குப் பூ வேணாமா?" என்றாள். "காலைல போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ."

சனிக்கிழமை ஐந்து மணிக்கு நான் லாயத்தில் இருந்தேன். அன்றைக்குக் காரை யாரும் தள்ளவில்லை. வாசலிலேயே சத்தமாகக் கிளப்பினான். முன் சீட்டில் இரண்டு தலை தெரிந்தது. எனக்குப் பாரம் இறங்கியதா என்று கேட்டால், இல்லை. அந்த வீடு போனது போனதுதானே?

கல்யாணம் நடந்தது. வலை முழுக்கக் காகித ரோஜா, மேசை முழுக்கப் பூப்பட்டாணி. மிர்த்தேயின் கையைப் பிடித்துக்கொண்டு ஃபென்னா அந்த வரிசையில் சொன்ன மாதிரியே நடந்தாள். காகிதத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். "யார் செஞ்சது இது? நாலு இதழ் குறையுது" என்றாள். நான் செய்தது அது.

அக்டோபரில் பெட்டி ஏற்றினார்கள். புது ஆட்கள் வந்துவிட்டார்கள், சின்ன வயதுக் குடும்பம். வந்த வாரமே வேலியோரம் வந்து சாணம் கிடைக்குமா என்று கேட்டார்கள். மருந்து அடித்த புல், கொடுக்க மாட்டேன் என்று காரணத்தோடு சொல்லிவிட்டேன். இப்போது மட்டும் எப்படி வாய் வருகிறது பாருங்கள்.

போன மாதம் அடுக்குமாடிக்குப் போயிருந்தேன். நாலாவது மாடி. வெசெல் இளைத்திருக்கிறான். ஜன்னலோரம் நின்று கீழே போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது எழுந்தான். எழுந்தவன் நேரே போகவில்லை. ஃபென்னாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து அவள் தோளில் கையை வைத்தான்.

"ஃபென்னா, நான் பாத்ரூமுக்குப் போறேன். ரெண்டு நிமிஷத்துல வந்துடுவேன்."

"போயிட்டு வாய்யா" என்றாள் அவள். "அதையும் மாடி முழுக்கக் கேக்கற மாதிரியா சொல்லணும்?"

சொல்லிவிட்டு, அவன் திரும்பி வருகிறவரை கோப்பையைக் கையில் எடுக்காமல் கதவுப் பக்கமே காதை வைத்துக்கொண்டிருந்தாள்.